வாப்பாவின் காரில் சத்தமிட்ட விசிறி



காரைக்காலில் குடியிருக்கும் ஒருவன் தன் காரில் வெப்பக் காற்று ஊதும் கருவி வைத்திருக்கிறான் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் தெரு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிரித்து வருகிறது. சித்திரை மாதத்தில் கடற்கரை மணலில் கால் வைக்க முடியாத ஊரில் ஹீட்டர் எதற்கு? "உங்கள் வீட்டில் மட்டும் வெயிலுக்குப் பஞ்சம் வந்துவிட்டதா?" என்று என் வாப்பாவிடம் கேட்காத நண்பர் இல்லை. அவர் புன்னகை செய்வாரே தவிர, பதில் சொல்ல மாட்டார்.

அந்த ஹீட்டரையும், அதனுள் சுழலும் ஒரு சிறு விசிறியையும் பற்றித்தான் இப்போது உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இதனை எழுதுவதற்குக் காரணம் என்னுடைய கவனக்குறைவு. அதனை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சில வார்த்தைகள். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பேர் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். என் வாப்பாவும் அப்படிச் சென்ற சபுராளிகளில் ஒருவர். அங்கே துணிக்கடை வைத்திருந்துவிட்டு, 1954 நவம்பர் 1 ஆம் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த மறு ஆண்டு ஊர் திரும்பினார். 1967 இல் குன்னூருக்கு வியாபார விஷயமாகப் போனவர், ஒரு தேயிலைத் தோட்டத்தார் விற்ற மோரிஸ் மைனர் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மலைக்குளிருக்காகப் பூட்டப்பட்ட ஹீட்டரும் காரோடு சேர்ந்து சமவெளிக்கு இறங்கிவிட்டது.

மோரிஸ் மைனர் 1948 இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. அதனை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ்தான் பின்னாளில் மினி காரையும் உருவாக்கினார். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் பதினாறு லட்சம் வண்டிகளுக்கு மேல் வெளிவந்தன. நம் நாட்டில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் இதனைச் சில ஆண்டுகள் தயாரித்தது. எங்களுடையது 1953 ஆம் ஆண்டு வண்டி. 803 சி.சி. என்ஜின், நடுவில் ஒரு தடுப்புக் கம்பியுடன் இரண்டு துண்டாக அமைந்த முன்கண்ணாடி. அதன் ஹீட்டர், கடிகாரமும் வேகமானியும் செய்து பெயர்பெற்ற ஸ்மித்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சிறு டமாரம் போலத் தொங்கும். என்ஜினைக் குளிர்விக்கும் சுடுநீர் இரண்டு ரப்பர் குழாய்களின் வழியாக அதற்குள் வந்து திரும்பும். உள்ளே இருக்கும் மின்விசிறி அந்தச் சூட்டைக் காற்றில் ஏற்றி, ஒரு பங்கைக் காலடிக்கும் மறு பங்கை முன்கண்ணாடிக்கும் அனுப்பும்.

வாப்பா புன்னகை செய்ததன் பொருள் இந்த மறு பங்கில்தான் இருந்தது. நம் கடற்கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த மழையில் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான்கு பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவர்களுடைய மூச்சும் நனைந்த உடைகளும் உள்ளிருக்கும் காற்றை ஈரமாக்கும். வெளியே மழைநீர் வழிந்து கண்ணாடி குளிர்ந்திருக்கும். உள்ளேயுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் பனியாகப் படியும். துணியால் துடைத்தால் இரண்டு நிமிடம் தெளியும், மீண்டும் படியும். எதிரே வரும் விளக்கு ஒவ்வொன்றும் ஒரு பெரிய வெள்ளை வட்டமாகத் தெரியும். கண்ணாடியின் மேல் சூடான காற்று படும்போது கண்ணாடி வெதுவெதுப்பாகி, படிந்த ஈரம் ஆவியாகிவிடும். இதற்குத்தான் வாப்பா அந்த ஹீட்டரைக் கழற்றாமல் வைத்திருந்தார். ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள் காலையில் டாஷ்போர்டின் கீழே தலையை நுழைத்து, விசிறி மோட்டாருக்குச் சொட்டு எண்ணெய் விடுவார். அவர் 1998 இல் மர்ஹூமாகும் வரை இந்த வழக்கம் தவறியதில்லை.

அவருக்குப் பின் கார் என் பொறுப்புக்கு வந்தது. பெட்ரோல் போட்டேன், டயர் மாற்றினேன், வெள்ளிக்கிழமைகளில் துடைத்துப் பளபளப்பாக்கிப் பார்த்துக்கொண்டேன். ஐப்பசி எண்ணெயை மட்டும் மறந்தேன்.

விசிறி உடனே கெட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் பொறுத்திருந்துவிட்டு, ஒரு மழைக்காலத்தில் 'கீச்' என்று தொடங்கியது. போட்டவுடன் கத்தும், ஐந்து நிமிடத்தில் அடங்கும். அடுத்த ஆண்டு அடங்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு கீச்சொலியுடன் 'கடகட' என்ற ஓசையும் சேர்ந்தது. பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் கடையில் விற்கும் துருநீக்கித் தெளிப்பை வாங்கி, கைக்கு எட்டிய இடைவெளியில் பீய்ச்சினேன். சத்தம் நின்றது. மூன்று வாரம் கழித்து முன்னிலும் மோசமாகத் திரும்பியது. அந்தத் தெளிப்பு எஞ்சியிருந்த பழைய எண்ணெயையும் கழுவிவிட்டு, தானும் உலர்ந்துபோய்விடும் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில், விசிறியின் சுவிட்சையே தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். கண்ணாடி துடைக்க ஒரு துண்டு மடியில் இருக்கும். இப்படி இரண்டு மழைக்காலம் ஓட்டினேன்.

2022 நவம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டி, டெல்டா முழுவதும் வயல்கள் கடலாகக் கிடந்த மாதம். அந்த வாரத்தில் ஒரு நாள் மாலை, பொறையாற்றில் உறவினர் ஒருவரை நலம் விசாரித்துவிட்டு என் மனைவியுடன் திரும்பிக்கொண்டிருந்தேன். மஃரிபு நேரம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. கோட்டுச்சேரிக்கு அருகே எதிரே வந்த பேருந்தின் விளக்கொளி, பனி படர்ந்த கண்ணாடியில் பட்டு முழுவதும் வெள்ளையாகிவிட்டது. இடக்கையால் துண்டை எடுத்துத் துடைத்தேன். துடைத்த அந்த உள்ளங்கை அகலத்தில், காருக்கு நான்கடி முன்னால், தலையில் அலுமினிய அன்னக்கூடையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

பிரேக்கை எப்படி மிதித்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. வண்டி அவர்மீது படவில்லை. ஆனால் அவர் பதறிப் பின்வாங்கியதில் சாலையோரச் சேற்றில் விழுந்துவிட்டார். விற்று மீந்திருந்த மத்தி மீன்கள் தண்ணீரில் மிதந்தன. நானும் என் மனைவியும் இறங்கி ஓடினோம். என் முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் எழுந்து, புடவையைப் பிழிந்துவிட்டு, என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணாடியத் தொடச்சிட்டு வண்டி ஓட்டக் கூடாதா பாய்? உள்ளயிருந்து நான் தெரியல, வெளியயிருந்து நீங்க தெரியல" என்றார்.

அவர் காரைக்கால்மேட்டுக்காரர். மீனுக்கு உரிய பணத்தைக் கொடுத்தோம். காரில் ஏற்றிக்கொண்டு வீடு வரை சென்றோம். மீதி வழியில் மடித்துண்டு போதாது என்று, பயத்தில் நான் அந்த விசிறியைப் போட்டேன். அது ஓலமிட்டது. அவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இத என் மவன்கிட்ட கொண்டாங்க. போட்டு மோட்டாரெல்லாம் அவந்தான் பாக்குறான்" என்றார்.

காரைக்கால் நகரத்தில் இருக்கும் நாம் காரைக்கால்மேட்டுக்கு எதற்காகப் போகிறோம்? மீன் வாங்கப் போவோம்; மாலையில் கடற்காற்று வாங்கப் போவோம். அங்கே ஓலைச் சார்ப்பின் கீழ் ஒரு பட்டறை இருப்பதை நான் அதற்கு முன் கவனித்ததே இல்லை. மறுநாள் காலை நான் போனபோது அந்த அம்மாளின் மகன் ஒரு படகு என்ஜினின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, சேறும் உப்பும் புகுந்த என்ஜின்களைக் கழுவிப் பிரித்தபோதுதான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். உப்புநீர் புகுந்த இரும்பை உடனே நல்ல தண்ணீரில் அலசி எண்ணெயில் நனைக்காவிட்டால் சில நாட்களிலேயே துரு பற்றிவிடுமாம். "அப்ப இங்க இருந்த எல்லா மெசினும் ஒரே நாள்ல ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி பாய். நான் கம்பவுண்டர் வேலைக்குச் சேந்தேன்" என்றார்.

அவர் காரைத் தொடுவதற்கு முன் செய்த காரியத்தை நான் ரசித்தேன். விசிறியைப் போடச் சொல்லி, ஒரு நீண்ட திருப்புளியின் முனையை ஹீட்டரின் மேல் வைத்து, அதன் கைப்பிடியைத் தன் காதோரம் அழுத்திக்கொண்டார். மருத்துவர் மார்பில் குழல் வைப்பது போலத்தான். பிறகு அணைத்துவிட்டு, விரலால் விசிறி இதழைச் சுற்றினார். மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். கீச்சென்ற ஓசை எண்ணெய் வற்றிய புஷ்ஷிலிருந்து வருவது என்றும், கடகடப்பு அந்த புஷ் தேய்ந்து தண்டு ஆடுவதால் இதழ் கூட்டில் இடிப்பது என்றும் பிரித்துச் சொன்னார். எண்ணெய் விட்டால் முதலாவது நிற்கும்; இரண்டாவது நிற்காது.

பேட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். என்ஜின் தலையில் இருந்த சுடுநீர்த் திருகை மூடிவிட்டு, ரப்பர் குழாய்களை உருவினோம். காய்ந்த வாழைச் சருகு போல ஒரு குழாய் கையோடு நொறுங்கியது. உள்ளிருந்து காப்பிக் கஷாயம் போன்ற தண்ணீர் ஒரு சட்டி நிறைய வந்தது. தாங்கியிலிருந்து திருகுகளை எடுத்து ஹீட்டரைக் கீழே இறக்கும்போது, தாங்கிக்கும் கூட்டுக்கும் இடையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு கெட்டிக் காகித மடிப்பு விழுந்தது.

அவர் அதனைத் தூக்கியெறியப் போனார். வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். அது என் லாத்தாவின் நிக்காஹ் அழைப்பிதழ். 1983 ஆம் ஆண்டினது.

வாசகர்களே, அப்போது என் மனத்தில் தோன்றியதை எப்படிச் சொல்வது? வாப்பா எந்தப் பொருளையும் அரைகுறையாகச் செப்பனிடாதவர் என்று எண்ணி, என் சோம்பலை அவருடைய ஒழுங்கோடு ஒப்பிட்டு இரவெல்லாம் நொந்துகொண்டிருந்தவன் நான். அவரும் ஒரு நாள் அதிர்வை அடக்கக் காகிதம் செருகியிருக்கிறார்! அன்றிரவு பிரான்சில் இருக்கும் லாத்தாவுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிறிது நேரம் பேசவில்லை. மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் அழைத்து வந்தார்கள் என்பதும், முன்னாள் இரவு வாப்பா கைவிளக்கோடு வெகுநேரம் காருக்குள் படுத்துக் கிடந்ததும் அவருக்கு நினைவிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன் கார் கடகடத்தால் கௌரவம் என்ன ஆவது? கையில் கிடைத்தது மீந்த அழைப்பிதழ். ஒரு நாளைக்காகச் செருகியது முப்பத்தொன்பது ஆண்டுகள் இருந்துவிட்டது.

மோட்டாரைப் பிரித்தது அடுத்த நாள். பஞ்சும் மணலும் தலைமுடியும் சேர்ந்து ஒரு சிறு குருவிக்கூடு அளவுக்கு உள்ளே அடைந்திருந்தது. தண்டின் ஒரு முனையில் செந்துரு. நடுவில் இருந்த ஆர்மெச்சூர் நல்ல நிலையில் இருந்தது. கம்பிச் சுற்றுக்குப் பழுதில்லை என்று அவர் பேட்டரி கொடுத்துச் சோதித்துச் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. கார்பன் பிரஷ்கள் இரண்டும் தேய்ந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்திருந்தன. வேறொரு மோட்டாரின் பிரஷ்களை வாங்கி, உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். கம்யூட்டேட்டரை நுண்ணிய உப்புத்தாளால் துடைத்து, செப்புத் தகடுகளின் இடைவெளியில் படிந்திருந்த கரித்தூளை ஊசியால் சுரண்டியெடுத்தார்.

புஷ் விஷயத்தில்தான் எனக்கு ஒரு பாடமே நடந்தது. பழைய புஷ் சாதாரண வெண்கலம் அன்று; தூளாக்கிய வெண்கலத்தை அச்சிலிட்டுச் சுட்டு இறுக்கியது. கடற்பஞ்சு போலக் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் அது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். தண்டு சுழன்று சூடேறும்போது எண்ணெய் கசியும். ஆறும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதற்குக் கிரீஸ் தடவினால் துளைகள் அடைபட்டுவிடும். தையல் மெஷின் எண்ணெய் மிகவும் நீர்த்தது, சீக்கிரம் வற்றிவிடும். சற்றுக் கனமான என்ஜின் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, அதில் புஷ்ஷை இரவு முழுவதும் ஊறப்போடுவதே முறை. பின்பக்கப் புஷ் நன்றாக இருந்ததால் அதற்கு இந்த ஊறல் போதுமாயிற்று. முன்பக்கத்துப் புஷ் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. நகரத்தில் ஒரு லேத் பட்டறையில் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்து வாங்கினோம். கன்மெட்டல் எண்ணெயைத் தேக்கி வைக்காது என்பதால், அதைச் சுற்றித் தடித்த கம்பளித் துணி வளையம் ஒன்றை எண்ணெயில் நனைத்து வைத்தார். பழைய மோட்டார்களிலும் இப்படி ஒரு வளையம் இருப்பது வழக்கமாம். எங்களுடையது காய்ந்து தூளாகியிருந்தது.

இதழ் ஒன்று இடித்து இடித்து வளைந்திருந்தது. விசிறியைத் தண்டோடு இரண்டு பிளேடுகளின் கூர்மேல் கிடத்தி, கனமான பக்கம் தானாகக் கீழே உருளுவதைக் காட்டினார். இலேசாக நிமிர்த்தியும் துளியளவு அராவியும், எந்தப் பக்கமும் உருளாமல் நிற்கும் வரை செய்தார். தாங்கியில் அழைப்பிதழ் இருந்த இடத்துக்குச் சைக்கிள் டியூபை வெட்டி இரட்டையாக வைத்தார்.

எல்லாம் பூட்டி, புதுக் குழாய் மாட்டி, சுவிட்சைப் போட்டோம். சத்தமே இல்லை! அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கண்ணாடியருகே கை வைத்துப் பார்த்தேன். காற்றும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றி, காற்றை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. இந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் கார்களில் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். எங்கள் மோட்டாரைப் போல உள்ளே நிலைக்காந்தம் வைத்த மோட்டாரில், மின்சாரம் வரும் முனை மாறினால் சுழலும் திசையும் மாறிவிடும். "இந்த வண்டி எல்லாத்தையும் உல்ட்டாவா படிக்குது பாய். எங்க தாத்தா மாதிரி" என்று சொல்லி, இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி முறுக்கினார். காற்று வந்தது. கூலியாக அவர் கேட்ட தொகையை இங்கே எழுதினால் நகரத்து ஒர்க்ஷாப்காரர்கள் என்மேல் கோபம் கொள்வார்கள்.

உங்களில் பெரும்பாலோர் புதுக் கார் வைத்திருப்பீர்கள். உங்களுக்கு ஹீட்டர் தனியாக வேண்டியதில்லை, மழையில் ஏ.சி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால், அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துப் பனியைக் கலைத்துவிடும். ஆனால் அதை ஊதுவதும் ஒரு சிறு மோட்டார் விசிறிதான். அதிலிருந்து சலசலப்புக் கேட்டால், காரைக் கழற்றப் போகுமுன் காற்று வடிகட்டியை எடுத்துப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்களாயின் உள்ளே சருகு கிடக்கக் கூடும். வேகத்துக்கு ஏற்பக் கீச்சொலி ஏறி இறங்கினால் புஷ். இதழ் கூட்டில் இடிக்கும் ஓசை கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். என்னைப் போலச் சுவிட்சை அணைத்துவிட்டு மடியில் துண்டு போட்டுக்கொண்டு மட்டும் மழையில் போகாதீர்கள்.

அழைப்பிதழ் இப்போது டாஷ்போர்டின் சிறு அறையில் ஓர் உறைக்குள் இருக்கிறது. லாத்தா அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணெய் வாசம் போகவில்லை.

2023 மழைக்காலத்தில், ஐப்பசி எண்ணெய் விட்டு ஒரு மாதம் கழிந்த ஒரு மாலை, அதே கோட்டுச்சேரிச் சாலையில் அந்த அம்மாள் அன்னக்கூடையோடு மழைக்கு ஒதுங்கி நிற்பது தெளிவாகவே தெரிந்தது. வண்டியை நிறுத்தினோம். என் மனைவி பின்னிருக்கையில் இடம் கொடுத்தார். விசிறி ஊதிக்கொண்டிருந்தது. சிறிது தூரம் போனதும் அவர் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"சத்தந்தான் போச்சு, சரி. இது என்ன பாய், அடுப்படியில உக்காந்த மாதிரி இருக்கு?"